மரத்தக்காளிக்கு இத்தனை விலையா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊட்டி போயிருந்தபோது சாலையோரத்தில் கூடை வைத்திருந்த அம்மாவிடம் மரத்தக்காளி அரைக் கிலோ வாங்கினோம். அப்படியே கடித்ததில் வாயெல்லாம் கசந்துவிட்டது, மிச்சத்தைக் கொட்டிவிட்டோம். இப்போது சென்னைக் கடை ஒன்றில் அதே மாதிரிப் பழத்துக்கு ‘டமரில்லோ’ என்று சீட்டு ஒட்டி, பல மடங்கு விலை சொல்கிறார்கள். இது வேறு பழமா? மாடித் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

பதில்: அதே பழம்தான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி அதற்குத் தாய்வீடு. சாதாரணத் தக்காளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நியூசிலாந்துக்காரர்கள் 1967இல் சூட்டிய விற்பனைப் பெயர்தான் டமரில்லோ. எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கடல் கடந்து வந்ததென்றால் கூலி ஏறத்தான் செய்யும். நம் மலையில் விளைந்ததற்கு வெளிநாட்டு விலை கொடுக்காதீர்கள். பெயருக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

கொட்டிவிட்டீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம். கசப்பு முழுக்கத் தோலில்தான். அடுத்த முறை பழத்தை இரண்டாக அரியுங்கள். ஆரஞ்சு நிறச் சதைக்கு நடுவே, கருஞ்சிவப்புக் கூழில் விதைகள் தக்காளிக்குள் இருப்பதைப் போலவே அமர்ந்திருக்கும். சர்க்கரை தூவி, கால் மணி நேரம் கழித்து ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுங்கள், விதையையும் தின்னலாம். சட்னிக்கு என்றால் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள், தோல் கையோடு உரிந்து வரும். பச்சை மிளகாயும் பூண்டும் வதக்கிச் சேர்த்து அரைத்தால் புளியே வேண்டாம். சாறு பட்டால் கறை எளிதில் போகாது. வெள்ளைத் துணியும் மரப்பலகையும் பத்திரம்.

வாங்கும்போது காம்பைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பறித்து அதிக நாளாகவில்லை. அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருக்கும் காயைத் தின்னக் கூடாது. சிவப்பு வகையைவிட மஞ்சளில் புளிப்பு குறைவு. புதிதாகச் சாப்பிடுபவர்களுக்கு அதுவே தோது.

சென்னை மாடியில் ஆசைப்பட வேண்டாம். செடி வளர்ந்தாலும் அந்த வெக்கையில் காய் பிடிக்காது. மேலோட்டமான வேர், பலத்த காற்றையும் தாங்காது. கோத்தகிரிப் பக்கமோ கொடைக்கானலிலோ உறவினர் இருந்தால், பழத்தின் விதையை அவர்களிடம் கொடுத்து விதைக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் காய்த்துவிடும்.