வளைகாப்புக்கு முன் ஒரு பட்டியல்

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். ‘குழந்தைக்கு என்ன வேண்டும்?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அக்கா குழந்தைக்கு ஒரே மாதிரி மூன்று கொசுவலை மெத்தை வந்தது. பட்டியல் கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கேட்டவர்களுக்கு மட்டும். அழைப்பிதழில் அச்சடித்தால் மனத்தாங்கல் வரும். கூகுள் ஷீட்டில் பொருள், அளவு, எண்ணிக்கை, வாங்குபவர் என நான்கு பத்தி போதும். போன் பழகாத பெரியவர்கள் சொல்வதை உங்கள் நாத்தனார் அன்றன்றே நிரப்பட்டும். அது விட்டுப்போனால்தான் ஒரே பொருள் மூன்று வரும்.

பெரும்பாலும் தவறுவது துணியில். எல்லோரும் பிறந்த குழந்தை அளவையே வாங்குவார்கள். இரண்டு மாதத்தில் அது பத்தாது. முன்பக்கம் முடிச்சுப் போடும் பருத்திச் சட்டை 6 போதும். மீதியை 3–6, 6–12 மாத அளவில் கேளுங்கள். பருவத்தையும் பாருங்கள்: சித்திரையில் பிறக்கும் பிள்ளைக்கு ஆறு மாத அளவு பொருந்துவது ஐப்பசி மழையில். அதற்கு முழுக்கைச் சட்டைதான் வேண்டும்.

துணி நாப்கின் 24, மெல்லிய பருத்தித் துண்டு 6, டிஜிட்டல் தெர்மாமீட்டர் 1. நியூபார்ன் டயப்பர் ஒரு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம்.

முதல் வருடம் தூங்குமிடத்தில் தலையணையும் பஞ்சு பொம்மையும் கூடாது. முகத்தை மூடி மூச்சை அடைக்கும். வாக்கரை அன்போடு மறுத்துவிடுங்கள். அது நடை பழக உதவாது, படியில் உருட்டிவிடும். கனடா 2004லேயே தடை செய்துவிட்டது. கார் வைத்திருந்தால், குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்படி பொருத்தும் குழந்தை சீட்டை மாமாக்கள் சேர்ந்து புதிதாக வாங்கித் தரட்டும். விபத்தில் அடிபட்ட பழைய சீட்டில் விரிசல் வெளியே தெரியாது.