நாலாக மடித்த சீட்டு

அன்புள்ள அண்ணாச்சி,

நானும் கல்லூரிக் கூட்டாளிகள் மூன்று பேரும் நெல்லை மாணவர்களுக்காக ஒரு சமூக வலைதள ஆப் செய்துவருகிறோம். ஜிஃப் (அசையும் குட்டிப் படம்) தேடல் வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். படம் தரும் கம்பெனியின் எஸ்டிகேயை, அதாவது அவர்களே தரும் ஆயத்த நிரல் தொகுப்பைப் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் பயனர் விவரம் வெளியே போகக் கூடாது என்றுதான் இந்த ஆப்பையே தொடங்கினோம். என்ன செய்யலாம்?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

எஸ்டிகே வேண்டாம். நீங்கள் தயங்கியது சரி.

ஒருத்தர் 'அல்வா' என்று தேடுகிறார். பல ஆப்களில் அடிக்க அடிக்கவே தேடல் ஓடும், 'அ' போகும், 'அல்' போகும், அப்புறம் 'அல்வா' போகும், ஒவ்வொன்றோடும் இணையத்தில் அந்த போனை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியும் போகும். அல்வாவில் ஒன்றுமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு 'அழுகை' என்று அடித்துவிட்டு, எதையும் அனுப்பாமல் மூடிவைக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள், அந்தச் சொல்லும் போய்ச் சேர்ந்திருக்கும். போய்ச் சேர்ந்த இடமும் கை மாறிக்கொண்டே இருக்கும். ஜிஃப் படம் தரும் கம்பெனியான ஜிஃபியை 2020இல் பேஸ்புக் வாங்கியது, பிரிட்டனின் போட்டி ஆணையம் விற்கச் சொல்லி 2023இல் ஷட்டர்ஸ்டாக்கிடம் போனது. அதே தொழில் செய்யும் டெனாரை 2018இல் கூகுள் வாங்கியது.

எங்கள் சித்தி சில மருந்துகளுக்கு டவுனில் தெரிந்த கடைக்குப் போக மாட்டாள். சீட்டை நாலாக மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, என்னை ஜங்ஷனுக்கு பஸ் ஏற்றி விடுவாள். யாருக்கு என்று எனக்குத் தெரியும், என்ன மருந்து என்று தெரியாது. கடைக்காரருக்கு மருந்து தெரியும், ஆள் தெரியாது.

சிக்னல் என்ற மெசேஜ் ஆப் 2017இல் ஜிஃபி தேடலைச் சேர்த்தபோது செய்தது இதேதான். போன் நேராக ஜிஃபியிடம் போகாமல் சிக்னலின் சர்வர் வழியாகப் போகும், ஆனால் தேடும் சொல் பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுப் போகும், பூட்டும் சாவியும் போனிடமும் ஜிஃபியிடமும் மட்டும். நடுவில் நிற்கும் சர்வர் ஐபியைப் பார்க்கும், சொல்லைப் பார்க்காது. படத்தின் அளவை வைத்தே இன்ன படம் என்று கண்டுபிடித்துவிடலாமே என்று யோசித்து, துண்டு துண்டாக இறக்கும் ஏற்பாட்டையும் பிறகு சேர்த்தார்கள்.

உங்களுடையது சமூக வலைதளம் என்பதால் இன்னொரு ஓட்டையும் உண்டு. பதிவில் கம்பெனியின் சுட்டியை அப்படியே வைத்தால், தேடாமல் சும்மா பார்க்கிற நூறு பேரின் போனும் அங்கே போய்ப் படம் கேட்கும். படத்தையும் உங்கள் சர்வர் வழியாகவே கொடுங்கள்.

தேடலை டிசிபி அளவில், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல், அப்படியே கடத்திவிடுவதுதான் நல்லது. அது சிரமம் என்று உங்கள் சர்வரிலேயே பூட்டைத் திறந்தால், சர்வரில் ஓடும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் நீங்கள் சொல்லாமலே ஐபியையும், சுட்டியில் இருக்கும் தேடல் சொல்லையும் ஒரே வரியில் லாகில், அதாவது தன் பதிவேட்டில், எழுதிவைக்கும். தூரத்துக் கம்பெனிக்கு அந்தப் பிள்ளை வெறும் எண். உங்களுக்கு அது எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியும். அந்தப் பாதைக்கு லாகை நிறுத்திவிட்டு அப்புறம் ஆப்பை வெளியிடுங்கள்.