அம்மாவைச் சீனக் கப்பலில் கூட்டிப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோவு. பாசிக்குடாவில் படகேறினாலே தலை சுற்றும். ஆனால் சீனாவில் கப்பல் சுற்றுலா போக ஆசை. சாங்காயில் ஏறும் கடல் கப்பலா, ஆற்றுக் கப்பலா நல்லது?
- வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, ஆற்றுக்கே போங்கள். சொங்சிங் நகரில் ஏறி, யாங்சி ஆற்றில் யிச்சாங் வரை இறங்கும் பயணம் வழக்கமாக 3 இரவுகள். மூன்று மலையிடுக்கு அணை தேக்கிய தண்ணீர் என்பதால் கப்பல் நம் வாவித் தோணி மாதிரித்தான் போகும். சூத்தாங் மலையிடுக்கு 8 கிலோமீற்றர் மட்டுமே, ஆனால் சீனாவின் 10 யுவான் பணத்தாளில் இருப்பது அதன் வாசல். நேரத்தோடு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். நான் போனபோது ஆளுக்கொரு தாளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்ததில் மலையே மறைந்துவிட்டது!

முழங்கால்தான் யோசனை. குளிர்காலத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 175 மீற்றர் வரை நிற்கும் அணை நீர்மட்டத்தை, கோடை வெள்ளத்துக்கு இடம்விட 145 வரை இறக்குவார்கள். அப்போது துறையில் ஏறி இறங்கும் படிகள் கூடிவிடும். அதனால் நீர் மறுபடி ஏறியிருக்கும் ஒக்டோபர் கடைசியில் போங்கள். முதல் வாரம் வேண்டாம், அவர்களின் தேசிய விடுமுறை, சனம் நெரியும். வழியில் ஷிபாவ்சாய் என்ற இடத்தில் 12 அடுக்கு மரக்கோபுரம் உண்டு. அம்மா கீழே நின்று பார்த்தால் போதும்.

சாப்பாடு? அந்த ஊர் மிளகு நாக்கை மரக்கவைக்கும். வெறுஞ்சோறு கிடைக்கும், ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயைப் பெட்டியில் வையுங்கள். அப்புறம், விசா அலுவலைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.