பேனல் உங்களுடையது, பாஸ்வேர்டு யாருடையது?

கேள்வி: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அறைக்கு ஒரு டச் பேனல். லைட், கீசர் எல்லாம் அதில்தான். மழை பிடித்தால் கடைசி இரண்டு அறைகளில் மட்டும் நெட்வொர்க் போய்விடுகிறது. ஃபார்ம்வேரை, அதாவது பேனலுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்தால் சரியாகும் என்று பேனலை மாட்டியவர் பணம் கேட்கிறார். (நாகலூர்)

பதில்: மற்ற அறைகளிலும் அதே மாடல், அதே ஃபார்ம்வேர்தானே? மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கேபிளைப் பாருங்கள். நெட்வொர்க் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து 100 மீட்டர் வரைதான் கணக்கு. சரிவில் சுற்றிச் சுற்றி இழுத்தால் தெரியாமலே தாண்டிவிடும். வெளியே எங்காவது ஜாயின்ட் போட்டு டேப் சுற்றியிருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கும் கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். சிவப்பு போய் வெள்ளை தெரிந்தால் அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். பேனலுக்குக் கரண்டும் பிஓஇ முறையில் அதே கேபிளில் போகிறதென்றால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். திரை பளிச்சென்று எரியும்போது பேனல் அணைந்து அணைந்து எழும். தனித்தனிக் கட்டடங்களாக இருந்தால் நடுவில் ஃபைபர் இழுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. மின்னல் வெட்டும் மலைக்கு அதுதான் சரி.

கேள்வி: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. பேனல் லோகோவோடு நிற்கிறது. புதிது தரச் சொல்லலாமா? (அழகாபுரம்)

பதில்: யுபிஎஸ் இல்லாமல் அப்டேட்டை அழுத்தச் சொன்னது யார்? யுஎஸ்பி வழியாக மறுபடி ஏற்ற முடியுமா என்று முதலில் சர்வீஸில் கேளுங்கள். சண்டை அப்புறம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்றரை லட்சத்துக்கு வீட்டில் ஆட்டோமேஷன் போட்டோம். பிறகு டீலரோடு மனஸ்தாபம். இப்போது ஒரு ஃபேனைக்கூடப் பேனலில் சேர்க்க முடியவில்லை. பாஸ்வேர்டு தர இருபத்தைந்தாயிரம் கேட்கிறார். (அஸ்தம்பட்டி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இந்த ஊரில் எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வீட்டைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரி சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போன கதை. சுவரில் இருப்பது வெறும் முகம். எந்தப் பட்டனுக்கு எந்த விளக்கு என்று சொல்லும் புரோகிராம், எல்லாவற்றையும் இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் ஓடுகிறது; அதைத் திருத்தத் தேவையான மூலக் கோப்பு டீலரின் லேப்டாப்பில் தூங்குகிறது. பல கன்ட்ரோலர்களில் உள்ளிருப்பதை வெளியே எடுத்துத் திருத்தவே முடியாது. அந்த லேப்டாப் தொலைந்தால் முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். பேனல் ஃபார்ம்வேரை மாற்றிய பிறகு சில வேளை புரோகிராமையும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்டு, மூலக் கோப்பு, நெட்வொர்க்கில் ஒவ்வொரு பேனலையும் அடையாளம் காட்டும் ஐபி முகவரிப் பட்டியல் மூன்றையும் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகல் பேனல் கம்பெனிக்கு. மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், டீலர் எந்த ஊராக இருந்தாலும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். இனி வாங்கப்போகிறவர்கள் இந்த மூன்றையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கைக்கு வரும்வரை கடைசித் தவணையை விடாதீர்கள்.

கேள்வி: பழைய பேனல் ஒன்று ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது. (சூரமங்கலம்)

பதில்: அப்படி வாங்கிய ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. யாரோ ஒருவரின் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. மணி பார்க்கக்கூட உதவவில்லை.

கேள்வி: அப்டேட் தானாக ஆகட்டும் என்று விட்டுவிடலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: வேண்டாம். அதற்காக வருஷக்கணக்கில் தொடாமலும் இருக்காதீர்கள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான். செட்டிங்கை பேக்கப் எடுத்துவிட்டு, அதிகம் புழங்காத அறையின் பேனலில் முதலில் போடுங்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் மற்றவற்றுக்கு. கன்ட்ரோலரின் வெர்ஷனோடு ஒத்துப்போகுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபையில் போடாமல் கேபிளில் போடுவது நல்லது.

கேள்வி: பிஓஇ ஸ்விட்ச் மறுநாளே செத்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைக் கடைக்காரர் காட்டுகிறார். (அம்மாப்பேட்டை)

பதில்: போர்டு மாட்டினால் சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது அதே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வரியை மிச்சம் பிடிக்கப் பில்லே வேண்டாம் என்றிருந்தால், என்னிடம் வராதீர்கள்.