ஐந்து நிமிடத்தில் அணையும் எஞ்சினும் 650 ரூபாய் பாட்டிலும்

கேள்வி: ஐயா, மேட்டூர் அணை நீர்ப்பகுதியில், கொளத்தூர் பக்கம், பரிசல்காரர்களிடம் மீன் எடுத்து வரச் சிறிய ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். எஞ்சின் 9.9 குதிரைத்திறன், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு. டூ ஸ்ட்ரோக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் வைத்தது. கோடையில் தண்ணீர் இறங்கியதால் மூன்று மாதம் சாளைக் கொட்டகையில் கிடந்தது. டேங்கில் பாதி பெட்ரோல் அப்படியே இருந்தது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. "எத்தனால் தின்றுவிட்டது, கார்புரேட்டரையே மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார் மெக்கானிக். உதிரிபாகக் கடையில் எத்தனாலை முறிக்கும் மருந்து என்று ஒரு பாட்டிலை 650 ரூபாய்க்குத் தருகிறார்கள். பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் எத்தனால் பிரிந்துவிடும் என்று தம்பி சொல்கிறான். எதைச் செய்வது? இல்லை, இதைத் தள்ளிவிட்டு வேறு பழைய எஞ்சின் வாங்கிவிடலாமா?

பதில்: 18,000 ரூபாயைப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள்.

படகுக்குள் தூக்கி வைக்கும் சிவப்பு டேங்க்தானே உங்களுடையது? அதன் மூடி நடுவில் சிறிய திருகு ஒன்று இருக்கும். அது காற்றுத் திருகு. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, காலியாகும் இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். திருகு மூடியிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, நான்கைந்து நிமிடத்தில் எஞ்சின் பெட்ரோல் கிடைக்காமல் நின்றுவிடும். ஐந்து நிமிடக் கணக்கு சொல்லி எனக்கு வரும் புகார்களில் பாதி இந்தத் திருகோடு முடிந்துபோகிறது. நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் உங்கள் நோய் அதுதான். செலவு எதுவும் இல்லை.

சத்தம் வரவில்லையா? அடுத்த முறை எஞ்சின் தடுமாறத் தொடங்கும்போது, ஹோஸில் இருக்கும் ரப்பர் உருண்டையைக் கையால் அமுக்கிக்கொண்டே இருங்கள். எஞ்சின் பிழைத்துக்கொண்டால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னால் இருக்கிறது: ஹோஸில் காற்று கசிகிறது, ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்துப்போயிருக்கிறது. எல்லாம் சில நூறு ரூபாய்ச் சமாசாரம். உருண்டையை அமுக்கியும் பயனில்லை, சோக்கை இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளை, அடைத்திருக்கிறது. அப்போதும் அதைக் கழற்றிக் கழுவினால் போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் ஸ்பிரே அடித்து, காற்று ஊதி எடுங்கள். பழைய மண்ணெண்ணெய் அடுப்பின் பின்னைத் தேடி எடுத்து ஜெட்டைக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும்.

மெக்கானிக் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி உங்கள் கண்ணுக்கு எதிரே காட்டச் சொல்லுங்கள். அலுமினியத்தில் வெள்ளைத்தூள் பூத்து, சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் அரிப்பு உண்மை, மாற்றத்தான் வேண்டும். பழுப்பாகப் பிசின் மட்டும் ஒட்டியிருந்தால் அது கழுவினால் போகும். காட்ட மாட்டேன் என்பவரிடம் எஞ்சினை விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி எத்தனால், அதாவது பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால். இந்தியாவில் 20 சதவீதக் கலப்பு 2030-க்குள் என்றுதான் முதலில் திட்டம் போட்டார்கள். பிறகு அதை 2025-க்கு முன்னே இழுத்து, எட்டியும் விட்டார்கள். கார், பைக் தயாரிப்பாளர்களோடு பேசினார்கள், 2023 ஏப்ரல் முதல் வரும் வண்டிகள் தாங்கும் என்றார்கள். அவுட்போர்டு எஞ்சின் வைத்திருப்பவனை எந்த மேசையிலும் யாரும் நினைக்கவில்லை. யமஹா, சுசுகி, மெர்குரி, எதன் கையேட்டைப் புரட்டினாலும் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றுதான் இருக்கும். சாதாரண பங்க்கிலோ 20 சதவீதம்தான் கிடைக்கிறது. கையேட்டை மதிக்க நினைப்பவன் எங்கே போய் நிரப்புவது? கடற்கரையிலாவது துறைமுகம் உண்டு, சங்கம் உண்டு, சத்தம் போட ஆள் உண்டு. அணைக்கட்டில் மீன் எடுப்பவனுக்கு என்ன இருக்கிறது? நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போய் தீவன விலை ஏறுகிறது என்று திட்டுகிறார்கள். நீங்கள் கார்புரேட்டருக்காகத் திட்டுகிறீர்கள். அவர்கள் புகாராவது செய்தித்தாளில் வந்துவிடுகிறது.

சரி, எத்தனால் என்னதான் செய்கிறது? அது தண்ணீரை இழுத்துத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலப்பு என்றால் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரை கரையும். 20 சதவீதம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காகப் படிந்துவிடும். டேங்கின் உறிஞ்சுகுழாயும் அடியில்தானே இருக்கிறது? எஞ்சினுக்கு முதலில் போவது அந்தக் கலவைதான். டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து இரட்டிப்பு. நீங்கள் கலந்த எண்ணெய் மேல் அடுக்கில் இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடுகிறது. கீழே இருக்கும் கலவை எண்ணெய் இல்லாமல் சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பிறகு கார்புரேட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

ஆகவே அந்த மூன்று மாதப் பெட்ரோலை எஞ்சினுக்குக் காட்டாதீர்கள். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் பிரிந்துவிட்டது. கோடு தெரியாவிட்டாலும் மூன்று மாதம் ஆனது ஆனதுதான். டேங்கைக் காலி செய்து துடைத்துப் புதிதாக நிரப்புங்கள். எடுத்ததை அணைக்குள் கொட்டாதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் சேலத்திலும் ஈரோட்டிலும் குடிக்கிறார்கள். பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பாட்டில் சோதனையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 100 மில்லி பெட்ரோலில் 20 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி, கீழே 40 மில்லி நிற்பதைக் காட்டி, "பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறார்கள்" என்று பங்க்கில் சண்டை போடும் காணொளிகள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. கூடுதலாகத் தெரியும் அந்த 20 மில்லியும் எத்தனால், சட்டப்படி கலந்தது. நீங்கள் தண்ணீர் விடாமலேயே, பங்க்கில் பிடித்த உடனே, பாட்டிலில் கோடு தெரிந்தால்தான் அது புகார். அப்போது விடாதீர்கள். அடர்த்தி அளந்து காட்டச் சொல்லவும் ஃபில்டர் தாள் சோதனை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

தம்பி சொன்ன கழுவல் வைத்தியத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் எத்தனால் பிரியும், உண்மைதான். ஒரு லிட்டருக்குக் காசு கொடுத்து 800 மில்லி மிஞ்சும். மிஞ்சியதில் ஆக்டேன், அதாவது எஞ்சின் தட்டாமல் எரியும் தரம், குறைந்திருக்கும், ஏனென்றால் ஆக்டேனைத் தூக்கிப் பிடித்ததில் எத்தனாலுக்குப் பெரிய பங்கு உண்டு. போதாததற்கு ஈரமும் தங்கியிருக்கும். சாளைக்குள் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலைக் குலுக்குவது ஒரு பொறியில் முடிந்துவிடக்கூடிய வேலை. வேண்டாம்.

650 ரூபாய் பாட்டில் அதைவிட நாசூக்கான ஏமாற்று. எத்தனாலை 'முறிக்கும்' மருந்து எதுவும் இல்லை. பிரிந்த அடுக்கைத் திரும்பச் சேர்த்துவைக்கும் மருந்தும் இல்லை. பெட்ரோல் பிசினாகாமல் கொஞ்ச காலம் தாங்க வைக்கும் நல்ல திரவங்கள் உண்டு. அவற்றைப் புதிய பெட்ரோலில் முதல் நாளே சேர்க்க வேண்டும். கெட்டுப்போனதில் ஊற்றிப் பயனில்லை. வேறு சில பாட்டில்களுக்குள் இருப்பதே ஆல்கஹால்தான். எத்தனால் தொல்லைக்கு ஆல்கஹாலையே விற்கும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! பாட்டிலில் உட்பொருள் எழுதாத எதையும் வாங்காதீர்கள்.

அடுத்த கோடைக்குக் கணக்கு எளிது. பண்ணவாடியில் அணை நீரில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியின் தலை வெளியே தெரியத் தொடங்கினால் டேங்கைக் காலி செய்யுங்கள். நந்தி மறுபடி மூழ்கும்போது புதுப் பெட்ரோல். ஓட்டும் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள். ஓட்டும்போது காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும், கரையேறியதும் மூடியிருக்க வேண்டும். ஈரம் காற்றிலிருந்து வருவதைவிட, மழையில் நனைந்த மூடி வழியாகவும் துடைக்காத புனல் வழியாகவும் வருவதுதான் அதிகம். ஹோஸுக்கு நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போட்டுவிடுங்கள். எத்தனாலில் கரைந்த தண்ணீரை அது பிரிக்காது, தனியாக நிற்கும் தண்ணீரைப் பிடிக்கும். அதுவே பெரிய உதவி.

காலி செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். "ஹோஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட்டு, கார்புரேட்டர் காலியாகிவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அது சரி. அதன் எண்ணெய் தனியாக அடியில் இருக்கிறது, பெட்ரோல் தீர்ந்தாலும் உயவு நிற்பதில்லை. உங்களுடையதில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் தீரத் தீர எண்ணெயும் தீரும், கடைசி அரை நிமிடம் கலவை மெலிந்து, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் வேகமெடுத்துச் சூடாகும். நீங்கள் 'நன்றாக இழுக்கிறதே' என்று நினைக்கும் நேரம் அதுதான். ஆகவே டூ ஸ்ட்ரோக்கை உலர ஓட்டாதீர்கள். எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு டம்ளரில் பிடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். சில எஞ்சின்களில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு, 9.9-இல் பெரும்பாலும் கையால் கலப்பதுதான். எதற்காகவும் டிரம் தண்ணீருக்குள் அடிப்பகுதி மூழ்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சில நொடியில், குளிர்நீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி எண்ணெய் வேறு, தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கான டிசி-டபிள்யூ3 வேறு. டப்பாவில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பழைய டம்ளர் அளவு கூடாது.

20 சதவீதப் பெட்ரோலில் ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிலையில், கலவை கொஞ்சம் மெலிந்துதான் ஓடும். முழு வேகத்தில் நீண்ட நேரம் விரட்டாதீர்கள். பிளக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: காபி நிறம் நல்லது, சுண்ணாம்பு வெள்ளை என்றால் ஆபத்து. வெள்ளை வந்தால் அதே கம்பெனியின் ஒரு அளவு பெரிய ஜெட் வாங்கிப் போடச் சொல்லுங்கள். லேத்தில் கொடுத்துத் துளைத்துப் பெரிதாக்க வேண்டாம். கோவை லேத்துக்காரர்கள் மோட்டார் பம்பில் எதையும் கடைந்து தருவார்கள், திறமையில் குறையில்லை. ஜெட் துளை அவர்கள் கணக்கு அல்ல. எத்தனால் கலக்காதது என்று 100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்குகளில் விற்கிறது. விலை அதிகம். தினமும் ஓட்டக் கட்டுப்படியாகாது. கோடைக்கு முன் கடைசி ஒரு லிட்டராக ஓட்டி வைக்க உதவும். டீசல் எஞ்சின்காரர்களுக்கு இந்த எத்தனால் பேச்சே வேண்டாம்.

கடைசியாக, 'வேறு பழைய எஞ்சின்'. இதைக் கேட்டதும்தான் எனக்குப் பதறியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை; கடற்கரையில் உழைத்து ஓய்ந்த எஞ்சின்களும் வருகின்றன. நானும் ஒருமுறை தரகர் பேச்சை நம்பி அப்படி ஒன்றை வாங்கினேன். "ஒரே சீசன்தான் ஓடியது, ஆற்றுத் தண்ணீரில்தான்" என்றார். பெயின்ட் பளபளத்தது. எஞ்சின் சூட்டைச் சீராக்கும் தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறக்கப் போனபோது போல்ட் தலை கையோடு வந்தது. உள்ளே குளிர்நீர்ப் பாதை முழுக்க உப்பு. இந்தத் தரகர்களிடம் போனால் கேட்க வேண்டியவை இவைதான்: தெர்மோஸ்டாட் மூடியை உங்கள் எதிரில் கழற்றட்டும். அடிப்பகுதியில் இருக்கும் துத்தநாகத் துண்டு அரித்துச் சிறுத்திருக்கிறதா பாருங்கள். டிரம்மில் வைத்து பத்து நிமிடம் ஓட்டி, பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் சீராக வருகிறதா, கை சுடுமளவு சூடாகிறதா பாருங்கள். பில் இல்லாத எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். "இன்னொருவர் நாளைக்கே எடுத்துக்கொள்கிறார்" என்றால், தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் அந்தக் காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, புதுப் பெட்ரோலில் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால், உருண்டையை அமுக்கியபோது என்ன ஆனது, சோக்கை இழுத்தபோது என்ன ஆனது, பிளக் என்ன நிறம் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.