கெட்டிலுக்கு மூக்கு முளைத்த கதை

ஐயா, வணக்கம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. லண்டன் போராட்டம் பற்றிய செய்தி ஒன்றில், போலீஸ் கூட்டத்தை 'கெட்டில்' செய்தது என்று வந்தது. 'கைது' என்று போட்டுவிட்டேன். உறுத்துகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்துக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்?
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

மூக்கு வைத்த பாத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பிடிபடாது. மூக்கெல்லாம் பிற்பாடு முளைத்தது. லத்தீனில் சிறு கிண்ணத்துக்கு 'கட்டில்லுஸ்' என்று பெயர். அது ஜெர்மானிய மொழிகளுக்குப் போய்க் கொப்பரையாகப் பெருத்தது. உங்கள் பேட்டையில் பிரியாணிக்குத் தம் போடுகிறார்களே தேக்சா, பழைய கெட்டில் ஏறக்குறைய அதுதான். (இலங்கைத் தமிழர் சொல்லும் 'கேத்தல்' ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அதற்கு மூக்கு உண்டு.)

தேக்சாவை நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். செம்புக் கொப்பரையின் வாயில் தோலை இழுத்துக் கட்டினால் கெட்டில்டிரம், நம் நகரா மாதிரி. பனியாறு விட்டுப்போன பெரிய பனிக்கட்டி மண்ணில் புதைந்து, உருகி, குழி விழுந்தால் அதுவும் கெட்டில். அமெரிக்காவின் வால்டன் குளம் அப்படி உண்டானதுதான்.

சரி, போலீசுக்கு வருவோம். ஜெர்மன் மொழியில் கொப்பரைக்கு 'கெஸ்ஸெல்' என்று பெயர். நாலு பக்கமும் எதிரி வளைத்துக்கொண்டாலும் அதே சொல்தான். 1942-இல் ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்ட ஜெர்மன் படை இருந்த இடத்தை அப்படித்தான் சொன்னார்கள். லண்டனில் 2001 மே தினத்தன்று ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் என்ற நாற்சந்தியில் வளைத்த கூட்டத்தைப் போலீஸ் ஏழு மணி நேரம் போல வெளியே விடவில்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அன்றைய நிலைமையில் அது சுதந்திரத்தைப் பறித்ததாகாது என்று 2012-இல் தீர்ப்பு வந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் செரிக்கவில்லை. ஆனால் உங்கள் உறுத்தல் சரிதான், 'கைது' கூடாது. கைது செய்யாமலே நிறுத்திவைக்கலாம் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. 'சுற்றி வளைத்து, மணிக்கணக்கில் வெளியே விடாமல் நிறுத்திவைத்தனர்' என்று எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை.

அப்புறம், அனல்காற்றில் வட்டமிட்டு மேலேறும் பருந்துக் கூட்டத்தையும் ஆங்கிலத்தில் கெட்டில் என்பார்கள். காசிமேட்டில் மதிய வெயிலில் அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

பிரிட்டனின் ரயில் பித்தர்கள் நீராவி இன்ஜினையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் தாத்தா பேசின் பிரிட்ஜில் ஃபயர்மேனாக இருந்தவர். அவரிடம் போய் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கரி அள்ளும் மண்வெட்டியோடு துரத்தியிருப்பார்.