பஸ்ஸில் இறங்கும்போது கால் வெடவெடக்குதா?

கேள்வி: எனக்கு வயது 57. தினமும் காலையில் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடக்கிறேன். அப்படியும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, மேல் படியில் நிற்கும் வலது கால் வெடவெடக்கிறது. மகன் ஏதோ வீடியோவைக் காட்டி, படியில் ஏறி இறங்கச் சொன்னான். மாடிப்படியில் தினம் ஐம்பது தடவை செய்தேன். பத்தே நாளில் முட்டி வலி வந்ததுதான் மிச்சம். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, அனுப்பானடி

பதில்: பயிற்சியை விட வேண்டாம் அக்கா, அந்த ஐம்பதை விடுங்கள்.

நடுங்குவது மேலே நிற்கும் கால் என்று சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பலரும் தரையில் ஊன்றும் காலைத்தான் குறை சொல்வார்கள். கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவோமே, உடம்பை அப்படி இறக்கி விடுவது மேலே நிற்கும் காலின் முன்தொடையும் பிட்டமும்தான். தெப்பக்குளத்தைச் சுற்றிச் சமதரையில் நடப்பதில் அந்த வேலை அவ்வளவாக வராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலிலும் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி, நடை போன்றவற்றோடு சேராமல், வாரம் குறைந்தது 2 நாள் என்று தனிக் கணக்காகத்தான் இருக்கிறது.

வேகவேகமாக ஐம்பது எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் தரையில் இருக்கும் காலால் எம்பி ஏறுவார்கள், பொத்தென்று இறங்குவார்கள். தொடை ஏமாற்றிவிடும், அடி முட்டிக்கு.

வலி அடங்கிய பிறகு இப்படிச் செய்து பாருங்கள். மாடிப்படியின் முதல் படி, ஒரு கை கைப்பிடியில். வலது பாதம் முழுக்கப் படியில் இருக்கட்டும், குதிகால் வெளியே தொங்கக் கூடாது. அந்தக் குதிகாலை அழுத்தியே எழுந்திருங்கள். இடது கால் சும்மா கூட வரட்டும். நெஞ்சு லேசாக முன்னால் சாய்ந்தால் தப்பில்லை. இனி இறக்கம். இடது காலைப் பின்னால் தரைக்கு அனுப்பும்போது மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. பாதம் தரையைத் தொடும் சத்தமே கேட்கக் கூடாது. மூன்று எண்ணும் முன்பே விழுகிற மாதிரி இருந்தால் தரை வரை போகாதீர்கள். பாதியில் திரும்பி ஏறுங்கள். காலுக்கு 8 தடவை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். போதும்.

முட்டியைக் கவனியுங்கள். அது இரண்டாவது கால்விரலுக்கு நேராக மடங்க வேண்டும்; நம் பெண்களில் பலருக்கும் கட்டைவிரல் பக்கம் உள்ளே சரியும். சேலையும் நைட்டியும் இதை மறைத்துவிடும், தடுக்கியும் விடும். சுடிதார் போட்டுக்கொண்டு, மகனை முன்னால் உட்கார்ந்து செல்போனில் எடுக்கச் சொல்லுங்கள். வீடியோ காட்டியவர்தானே! வலது காலில் நிற்கும்போது இடது பக்க இடுப்பு தொய்ந்து இறங்கினால், வலது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை பலவீனம். அந்தக் காலில் மட்டும், சுவரைப் பிடித்தபடி, இடுப்பு சாயாமல் பத்து எண்ணும் வரை நின்று பழகுங்கள்.

வாசல் படியில் மட்டும் வேண்டாம். காலையில் தண்ணீர் தெளித்த ஈரமும் கோலமாவும் போதும், வழுக்கிவிட. பிளாஸ்டிக் ஸ்டூலும் கூடாது.

மறுநாள் தொடை கடுத்தால் பயமில்லை. முட்டிக்குள்ளேயே குத்தினாலோ, வீங்கினாலோ, கால் திடீரென மடங்கிப்போனாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கால் பழகும் வரை பஸ்ஸில் கம்பியை விடாதீர்கள். கண்டக்டர் விசில் அடிக்கத்தான் செய்வார்; பஸ் நின்ற பிறகே எழுந்திருங்கள்.